பிரஸ் கம்ப்யூட்டரை அப்படியே வேறு பெட்டிக்கு மாற்றிய மூன்று நாட்கள்

திண்டுக்கல்லில் என் சித்தப்பா நடத்தும் பிரஸ்ஸில் டிடிபி வேலை முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக் எல்லாமே பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டவை. போன ஆடி மாதம் அதன் ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை ஆர்டர்கள் வரத் தொடங்கும் நேரம் அது.

"ஏம்மா, புதுசு ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் ஏத்திட்டாப் போதாதா?" என்றார் சித்தப்பா.

போதாது. எங்கள் பழைய ஃபைல்கள் எதுவும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இல்லை. அந்தக் கால எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். சரியான எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பெயரின் இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். அந்த எழுத்துருக்களையும் தட்டச்சு மென்பொருளையும் விற்ற நிறுவனம் இப்போது இல்லை. சிடி கீறல் விழுந்து படிக்கவில்லை. கையில் மிஞ்சியது யுஎஸ்பி டாங்கிள், அதாவது உரிமத்துக்கான சிறு சாவி, மட்டும். அது இருந்தால், ஏற்கெனவே நிறுவப்பட்ட மென்பொருள் ஓடும். புதிதாக நிறுவ வழியில்லை. ஆகவே விண்டோஸை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்ப் புதுப் பெட்டியில் வைப்பது ஒன்றுதான் வழி. மெய்நிகர் கணினியாக, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியாக, மாற்றி ஓட்டலாம் என்றும் யோசித்தேன். ஆனால் சித்தப்பாவுக்கு 64 வயது. சுவிட்சைப் போட்டதும் அவருக்குப் பழகிய அதே திரை வர வேண்டும்.

பழையது நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. கணினியை எழுப்பும் பழைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்போடு நிறுவியது. வாங்கிய புதுப் பெட்டியில் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சிப் டிஸ்க்). இதில் பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டும்தான். பழைய முறையில் பூட் செய்ய இடமே இல்லை. வரப்போகும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருந்தது.

முதல் நாள், எதற்கும் முன்னால், சித்தப்பாவின் ஃபைல்களையெல்லாம் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்தேன். டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓட்டவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் இருப்பதும் போய்விடலாம். பிறகு டிஸ்க்கை அப்படியே இமேஜ் என்ற நகலாக எடுக்கும் குளோன்ஸில்லாவைப் பென்டிரைவில் ஏற்றி பூட் செய்தேன். முதல் முயற்சியிலேயே நின்றது: விண்டோஸ் சரியாக அணைக்கப்படவில்லை என்றது. அது உண்மைதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். திரும்ப விண்டோஸுக்குள் போய், நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு அடிப்படையான ஹைபர்னேஷனை முழுவதுமாக அணைத்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை எக்ஸ்பர்ட் முறையில் 'ரெஸ்கியூ' என்ற தேர்வையும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் முதல் கெட்ட செக்டரிலேயே வேலை நின்றுவிடும். இருந்தால், படிக்க முடியாததைத் தாண்டிக்கொண்டு போகும். நிரம்பியிருந்தது 140 ஜிபிதான், குளோன்ஸில்லாவும் நிரம்பிய பகுதியை மட்டும்தான் எடுக்கும். இருந்தும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தது ராத்திரி ஒன்பதரைக்குத்தான் முடிந்தது. சில இடங்களில் இருபது நிமிடம் எண் நகரவே இல்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா இரண்டு முறை டீ வாங்கி வந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இமேஜ் முடிந்ததும் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் வைத்தோம். அதன் பிறகு அதைத் தொடவில்லை.

அடுத்த நாள், புதுப் பெட்டியில் வந்த விண்டோஸ் 11-ஐயும் முதலில் இமேஜ் எடுத்து வைத்துவிட்டுப் பழைய இமேஜை எஸ்எஸ்டியில் இறக்கினேன். இறக்கும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் குளோன்ஸில்லா ஒப்புக்கொள்ளாது. 500-க்கு 512 என்பதால் தப்பித்தோம். இறங்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எம்பிஆரை யுஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி அமைப்பாக மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து வருகிறது. விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, கட்டளைத் திரையில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க்பார்ட்டைத் திறந்தேன். எஸ்எஸ்டி பட்டியலிலேயே இல்லை! அரை மணி நேரத்துக்கு முன்னால் குளோன்ஸில்லா அதே டிஸ்க்கில் எழுதி முடித்திருந்தது. விண்டோஸுக்கு மட்டும் அது தெரியவில்லை. டிஸ்க் போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது. காரணம் இன்டெலின் விஎம்டி என்ற அமைப்பு. பதினோராம் தலைமுறையிலிருந்து பல பெட்டிகளில் என்விஎம்இ டிஸ்க் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். குளோன்ஸில்லா ஓடும் லினக்ஸில் அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது, விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவில் இல்லை. கணினியின் அமைப்புத் திரைக்குள் (இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம்) போய் விஎம்டியை அணைத்ததும் டிஸ்க் வந்துவிட்டது.

எம்பிஆர்2ஜிபிடியை முதலில் சரிபார்ப்பு முறையில் மட்டும் ஓட்டினேன். டிஸ்க் அமைப்பு ஏற்கத்தக்கதல்ல என்றது. இந்தக் கருவிக்கு மூன்று பிரைமரி பார்ட்டிஷன்கள் வரைதான் ஆகும். பல டிரைவ்களை உள்ளே வைத்திருக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. நம் ஊரில் அசெம்பிள் செய்த பெட்டிகளில் 'சி'யும் 'டி'யும் பிரித்துக் கொடுப்பார்களே, அந்த 'டி' பல சமயம் எக்ஸ்டெண்டடுக்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவ்தான். எங்களுடையதும் அப்படியே. சித்தப்பாவின் பதினைந்து வருட ஃபைல்கள் இருக்கும் 'டி'யை இந்த எஸ்எஸ்டியிலிருந்து அழித்தால்தான் மேலே போக முடியும். இமேஜில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, பீரோவில் ஒன்று என்று மூன்று பிரதி இருப்பது தெரிந்தும் கை தயங்கியது. வெளி டிஸ்க்கைக் கழற்றித் தூர வைத்தேன். 'சி', 'டி' என்ற எழுத்தை நம்பாமல் அளவை வைத்துப் பார்ட்டிஷனை அடையாளம் பார்த்தேன். நிறுவும் பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் எழுத்துகள் இடம் மாறக்கூடும். எங்களுக்கு 'சி' என்று காட்டியது சிறிய சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியை, விண்டோஸ் 'டி'யாக நின்றது. அதைக் கவனிக்காமல் 'டி'யை அழித்திருந்தால் விண்டோஸே போயிருக்கும். லாஜிக்கலை அழித்து, எக்ஸ்டெண்டடையும் அழித்து, மறுபடி ஓட்டினேன். மாற்றம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

பென்டிரைவைப் பிடுங்கி பூட் செய்தேன். சுழலும் புள்ளிகள், பிறகு ப்ளூ ஸ்கிரீன்: 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்', பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டேன். களைத்த கையோடு, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறப்பது நல்லதல்ல.

இந்தப் பிழையின் பொருளைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். விண்டோஸில் என்விஎம்இக்கான டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பழைய பெட்டியில் என்விஎம்இ இல்லாததால், பூட்டின்போது அதை ஏற்ற வேண்டாம் என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பை அழித்தால் போதும். மூன்றாம் நாள் காலை மறுபடி நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டைத் திறந்து, எஸ்எஸ்டியில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம் என்ற ஃபைலை 'லோட் ஹைவ்' மூலம் ஏற்றினேன். கன்ட்ரோல்செட்001, அதற்குள் சர்வீசஸ், அதற்குள் ஸ்டோர்என்விஎம்இ. அங்கே ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கி, கீழே இருந்த ஸ்டார்ட்ஓவர்ரைடு என்ற துணைச் சாவியை அழித்தேன். 'அன்லோட் ஹைவ்' கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

கருவிகளைத் தயார் செய்கிறோம் என்ற வாசகம் வந்தது, சதவீதம் ஏறியது, இருமுறை தானாக அணைந்து எழுந்தது. பிறகு சித்தப்பா எப்போதும் வைத்திருக்கும் பழனி மலை வால்பேப்பர் மங்கலாக, பெரிது பெரிதாகத் தெரிந்தது. கிராபிக்ஸ் டிரைவர் போட்டதும் தெளிவானது. இங்கே உரிமம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பெட்டியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். நாங்கள் 2016-ல் தனியாக ரீடெயில் உரிமம் வாங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தோம். ஆக்டிவேஷன் பக்கத்தில் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்ததும் ஏற்றுக்கொண்டது. உங்கள் பழைய கணினியில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால், இமேஜ் எடுக்கும் முன் அதை இடைநிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

செக்டிஸ்க்கையும் சிஸ்டம் ஃபைல் சரிபார்ப்பையும் இப்போதுதான், நல்ல டிஸ்க்கில் ஓட்டினேன். சில ஃபைல்களைச் சரிசெய்தது. காலி இடத்தில் புதிய பார்ட்டிஷன் போட்டு ஃபைல்களைத் திரும்ப ஏற்றினேன். அதற்கு 'டி' என்ற எழுத்துதான் கிடைக்க வேண்டும். பேஜ்மேக்கர் ஃபைலுக்குள் பிள்ளையார் படமும் குத்துவிளக்குப் படமும் 'டி'யின் பாதையோடுதான் இணைந்திருக்கின்றன. கார்டு ரீடர் அந்த எழுத்தைப் பிடித்து வைத்திருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு வேறு எழுத்து கொடுத்தேன்.

டாங்கிளைச் செருகி, பேஜ்மேக்கரைத் திறந்து, சித்தப்பாவிடம் எந்த ஃபைல் வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் 2011-ல் போட்ட ஒரு பத்திரிகையைச் சொன்னார், என் அக்கா கல்யாணத்துடையது. திறந்தது. 'ஸ்ரீ' சரியாக இருந்தது. பிரிண்டர் டிரைவரும் இமேஜோடு கூடவே வந்துவிட்டதால் வரி உடையும் இடங்கள்கூட மாறவில்லை. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புரூஃப் பார்ப்பதுபோல் முதல் வரியிலிருந்து கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரை விரலை ஓட்டிப் படித்தார். பிறகு ஒரு பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதால், ஆக்டிவேஷனுக்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு இணைய இணைப்பு கொடுக்கவில்லை. மெயில் பார்க்க வேறு லேப்டாப் இருக்கிறது. புதிய இமேஜ் ஒன்று எடுத்து வெளி டிஸ்க்கில் தேதியோடு எழுதி வைத்தேன். பத்து மணிக்கு முதல் ஆவணிப் பத்திரிகைக்காரர் உள்ளே வந்தார்.