ஒரே கொத்து, பதினோரு டேலியா

குன்னூர் வீட்டு வாசலில் அம்மா வைத்த கருஞ்சிவப்பு டேலியா ஒன்று இருக்கிறது. பூக்கிற மாதங்களில் தெருவில் போகிறவர்கள் நின்று, “ஒரு கிழங்கு குடேன்” என்பார்கள். முந்தின வருஷம் கொத்தைப் பிரித்து மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. டேலியாவுக்குக் கண் இருப்பது பழைய தண்டோடு ஒட்டும் கழுத்தில் மட்டும். கழுத்து ஒடிந்துவிட்டால் கிழங்கு எவ்வளவு குண்டாக இருந்தும் பிரயோஜனமில்லை.

விதை போட்டால் அம்மாவின் நிறம் வரும் என்று சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது முளையைக் கிள்ளி நடுவது.

டிசம்பரில் கொத்தைத் தோண்டி, பழைய பேசினில் தென்னைநார்த் தூளைப் பரப்பி, கழுத்து வெளியே தெரிய வைத்தேன். இடம், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல். அந்தக் குளிரில் வீட்டில் வெதுவெதுப்பான மூலை அதுதான். மூன்று வாரத்தில் முளைகள் எட்டிப் பார்த்தன. பெரிதாகட்டும் என்று பேராசைப்பட்டு ஒரு சாண் வளரவிட்டு எட்டு முளை வெட்டினேன். ஒரே வாரத்தில் அடி கறுத்து எட்டும் சாய்ந்தன. தோட்ட வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா ஒன்றை எடுத்து நசுக்கிக் காட்டினார். உள்ளே ஸ்ட்ரா மாதிரி வெறும் குழல்.

“குழல் விழுந்தா தண்ணி தேங்கி அழுகாம என்னம்மா செய்யும்? விரல் நீளத்துலயே எடுத்துடணும்.”

அடுத்து வந்த முளைகளை மூன்று அங்குலத்திலேயே எடுத்தேன். சிலவற்றைக் கிழங்கின் தோல் சீவலோடு. மற்றவற்றில் அடி இலைக் கணுவைக் கிழங்கிலேயே விட்டுவிட்டு, அதற்கு மேலே வெட்டினேன். அந்தக் கணுவிலிருந்து மறுபடி இரண்டு முளை கிளம்பும். சாற்றின் வழியே வைரஸ் பரவும் என்பதால் ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்தேன். கீழ் இலைகளைக் கிள்ளி, மேல் இலையைப் பாதியாக நறுக்கி, கழுவின மணலும் நார்த்தூளும் சரிபாதி கலந்த கப்பில் நட்டு, பாதியாக வெட்டின தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தேன். காலையில் பத்து நிமிஷம் திறந்து வைப்பேன், இல்லாவிட்டால் பூஞ்சை. பதினெட்டாம் நாள் லேசாக இழுத்தேன். வரவில்லை! பதினாலில் பதினொன்று பிடித்திருந்தது.

ஆனால் செடி வளராமல் அப்படியே நின்றது. பிப்ரவரி தொடக்கத்தில் இங்கே பகல் 12 மணி நேரம்கூட இல்லை. பகல் குறுகினால் டேலியா வளர்ச்சியை விட்டுவிட்டுக் கிழங்கு கட்டப் போய்விடும். இருட்டினதும் ஒன்பது மணி வரை எல்இடி பல்பு போட்டேன். கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு வந்தது. இரண்டு வாரத்தில் புது இலை வந்தது.

தொட்டிக்கு மாற்றும்போது ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட்டேன். கணு புதையாவிட்டால் அடியில் கட்டும் கிழங்குக்குக் கண் இருக்காது, பழைய கதைதான் மறுபடி.

ஏமாந்த மூன்று வீட்டுக்கும் ஆளுக்கொரு தொட்டி கொண்டுபோனேன். ஒரு அக்கா மட்டும் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, “கிழங்கு இல்லையா? வெறும் குச்சியா?” என்றார். டிசம்பரில் தோண்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.