அண்ணாந்து பார்க்காத கிராணி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 18 ஆண்டுகள் கிராணியாக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கராக இருந்தேன். காலையில் ஆளெண்ணும் பிரட்டு முடிந்ததும் செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரைகளில் நடை. எங்களுக்குப் பெரிய தலைவலி கானோடெர்மா என்ற பூஞ்சை. அடித்தண்டை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். மேலே மட்டை பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் விரியாத குருத்துகள் ஈட்டி மாதிரி மூன்று நான்கு சேர்ந்து நிற்கும். கீழ்மட்டைகள் பாவாடை போலத் தண்டை ஒட்டித் தொங்கும். தூரில் காளான் தட்டுத் தட்டாக முளைத்திருக்கும். பாராங் கத்தியின் முதுகால் தட்டினால் காலி டின் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட மரத்தடியில் யாரையும் குலை வெட்ட விடமாட்டேன்.

அந்த நான்தான், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் முகாமுக்கு இடம் பார்க்கப் போனபோது மரங்களைக் கவனிக்கவே இல்லை. தோட்டத்து எல்லையில் ஆற்றோரக் காடு. சிலாங்கூரில் பத்தாங்காலி முகாமில் 2022 டிசம்பர் 16 அன்று மண் சரிந்து 31 பேர் இறந்ததிலிருந்து எல்லாருக்கும் மேட்டின் மேல்தான் கண். நானும் பக்கத்தில் சரிவு இல்லை, ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிறது, நிழலும் இருக்கிறது, சரி என்று கூடாரம் போடச் சொல்லிவிட்டேன்.

சமைக்க வந்தவர் ஒரு பழைய ரப்பர் பால்வெட்டுக்காரர். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"கிராணி, அந்த மரத்துல இலை இருக்கா, பாருங்க."

இல்லை. பட்டை உரிந்து நின்றது. அதன் முறிந்த கிளையொன்று தரைக்கு வராமல் பக்கத்து மரத்தின் கவட்டையில் சிக்கிக் கிடந்தது. அடுத்து, கரையோர மரம் ஒன்றைக் காட்டினார். ஒரு பக்க வேரை ஆறு அரித்திருந்தது. மறுபக்கம் மண்ணில் விரல் நுழையும் வெடிப்பு.

போட்ட கூடாரங்களைப் பிடுங்கி நகர்த்தினோம். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான், மறைப்பானேன். பொழுது சாய்ந்துவிட்டதால் சமையலுக்கு மேலே கட்டிய கித்தானை மட்டும் அங்கேயே விட்டோம்.

விடியுமுன் சுமத்ராக் காற்று வந்தது. மலாக்கா நீரிணையிலிருந்து ஏறி வரும் இந்தக் காற்றுக்கு அதுதான் பிடித்த நேரம், ஊரே தூங்கும். சிக்கியிருந்த கிளை கித்தானைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. பிள்ளைகள் பத்திரம். சோற்றுச் சட்டிதான் நசுங்கியது.

அப்புறம் எந்த முகாமானாலும் பகல் வெளிச்சத்திலேயே போய்விடுகிறேன். பட்ட மரம் இருந்தால் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளித்தான் கூடாரம். காற்றில்லாத நாளிலும் கிளை விழும்; பல நாள் மழையில் ஊறிய மண்ணில் பச்சை மரமே வேரோடு சாயும். பெருங்காற்று எச்சரிக்கை வந்தால் முகாமைத் தள்ளிப்போடுவேன். பெற்றோர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

அந்தச் சட்டியை ஒருவர் சுத்தியலால் தட்டிக் கொடுத்தார். இப்போதும் அதில்தான் சோறு. அடுப்பில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கல் வைத்து முட்டுக்கொடுப்போம்.