எந்த டாக்டர்ப்பா?

பல் தேய்க்கும்போது பேஸ்ட் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மகள் கேட்டாள்: "டாக்டர்கள் பரிந்துரைப்பதுன்னு போட்டிருக்கே, எந்த டாக்டர்ப்பா?"

வாய் நிறைய நுரை. நல்லவேளை.

இப்படி அடுத்தவர் வாயால் பொருளை விற்கும் வித்தையில் அமெரிக்காவில் ஒரு மகா கில்லாடி இருந்தார். எட்வர்ட் பெர்னேஸ். மனதை ஆராய்ந்த சிக்மண்ட் ஃப்ராய்டின் தங்கை மகன். காலை உணவாகப் பன்றி இறைச்சி விற்க வேண்டுமா? இறைச்சியைப் பற்றியே பேச மாட்டார். காலையில் வயிறாரச் சாப்பிடுவது நல்லதா என்று டாக்டர்களிடம் கேட்டு, பதிலைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான்.

1929 ஈஸ்டர் அன்று நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் பெண்களைச் சிகரெட்டும் கையுமாக நடக்கவைத்தார். 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என்று பெயர் வேறு. பார்த்தவர்களுக்கு அது பெண் விடுதலை. பின்னால் இருந்தது சிகரெட் கம்பெனி.

எனக்கு உறுத்துவது அதுகூட இல்லை.

வீட்டில் மனைவி டோரிஸைப் புகைப்பதை நிறுத்தவைக்க பெர்னேஸ் படாதபாடு பட்டாராம். டோரிஸின் சிகரெட்டுகளை எடுத்து ஒடித்து டாய்லெட்டில் போடுவாராம்.

தெருவில் தீப்பந்தம், வீட்டில் டாய்லெட்!

முதுமையில் புகைக்கு எதிராகவும் பேசினார். 103 வயது வரை வாழ்ந்தார், மனுஷன்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். டியூபில் இன்னும் டாக்டர் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கீழே ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது.