ஸ்டூடியோ நெகட்டிவ்களைக் காப்பாற்றிய அனுபவம்

தாத்தாவின் ஸ்டூடியோவை மூடியபோது மரப்பெட்டிகளில் கண்ணாடி நெகட்டிவ்களும் பிஸ்கட் டின்களில் பிலிம்களும் மிஞ்சின. பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிடுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஸ்டூடியோக்களில் அதுதான் நடந்தது. பிலிமிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடியைச் சுரண்டிக் கழுவி, படத்துக்குச் சட்டம் போடும் கடைகளுக்கு விற்றார்கள். ஊர் ஊராகக் கல்யாணமும் காதுகுத்தும் பள்ளிக்கூடக் குழுப்படங்களும் அப்படியே காணாமல் போயின.

கோயில் படங்களுக்கு இந்தக் கதி வரவில்லை. மதராஸ் அரசு 1856இல் நியமித்த புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் சேர்த்துவந்த கோயில் படங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். சாதாரண மனிதர்களின் முகங்கள் மட்டும் ஸ்டூடியோப் பரண்களில் கிடந்தன. நல்லவேளை, அதே நிறுவனம் பிற்பாடு அந்தப் பரண்களையும் தேடிப் போனது. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் உதவியோடு, தமிழ் ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலில் பதிவு செய்தார்கள். அந்தத் திட்டத்தில் மூலப் பொருள் நாட்டை விட்டு வெளியே போகாது, பிரதி மட்டும்தான் போகும். அதைப் படித்த பிறகு நாங்களும் முடிவு செய்தோம்: ஸ்கேன் எடுத்தாலும் பெட்டிகள் வீட்டிலேயே இருக்கும்.

முதலில் செய்தது எண் போடுவது. சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்தான். ஒவ்வொரு நெகட்டிவும் ஒரு பழுப்புக் கவரில் இருந்தது. கவரின்மேல் பெயர், பில் நம்பர், சிலவற்றில் ஊரும் தேதியும். கவர் மக்கிவிட்டதே என்று தூக்கிப் போட்டால் அந்த முகத்துக்குப் பெயரே இல்லாமல் போய்விடும். அதனால் கவரின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, ஸ்டூடியோ ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு எழுதிய பிறகே கண்ணாடியை வெளியே எடுத்தோம். டார்க் ரூமில் காலமெல்லாம் வேலை பார்த்த சித்தப்பா கூடவே உட்கார்ந்தார். ரிஜிஸ்டரில் வெறும் 'மேலத்தெரு' என்று இருந்த இடத்தில் அவர் யார் வீடு என்று சொல்லிவிடுவார்.

கண்ணாடியில் பளபளப்பான பக்கம் வெறும் கண்ணாடி. மங்கலான பக்கத்தில்தான் படம். பளபளப்பான பக்கத்தைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைக்கலாம். மங்கலான பக்கத்தில் காற்றடிக்கும் ரப்பர் பல்பும் மென்மையான பிரஷும் போதும், ஈரமே படக்கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு பூஞ்சை பிடித்திருந்து நனைந்தால், படத்தோடு வழிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் டச்சிங் செய்தவர்கள் கூர்மையான பென்சிலால் முகச்சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் நெகட்டிவ் மேலேயே நிரப்பினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அத்தனை நுணுக்கமான கோடுகள். அழுக்கு என்று துடைத்தால் ஒரு கலைஞரின் உழைப்பு போய்விடும்.

பிலிம்களை உடனே தனியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வாயு பக்கத்து பிலிமையும் கெடுக்கும். அதைவிட ஆபத்து பழைய நைட்ரேட் பிலிம். சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பதும் கடினம். கோடாக் அதன் தயாரிப்பை 1951 வாக்கில் நிறுத்திவிட்டது. ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்று அச்சடிக்காத பழைய பிலிம்களைச் சந்தேகத்தோடேயே வேறு அறையில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தோம்.

ஸ்கேனுக்கு முதலில் கொடுத்த கடையில் ஓரங்களை வெட்டி, கான்ட்ராஸ்டை ஏற்றி, விவரங்களைக் குறைத்துச் சுருக்கும் ஜேபெக் கோப்பாகத் தந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் எங்களுக்கு வேண்டியது அது இல்லை. கடைசியில் லைட் டேபிளும் மேக்ரோ லென்ஸும் ஏற்பாடு செய்து, வீட்டிலேயே முழுக் கண்ணாடியையும் ஓரம் தெரிய, விவரம் குறையாத டிஃப் கோப்பாக எடுத்தோம். ஓரத்தில்தான் எத்தனை விஷயம்! பிரின்ட் போடும்போது வெட்டிவிடுவார்கள் என்ற தைரியத்தில் எல்லாமே அங்கே இருக்கிறது. மாளிகை வரைந்த திரை முடிந்து காரைச் சுவர் தொடங்கும் இடம், குழந்தையின் கவனத்தை ஈர்க்கக் கிலுகிலுப்பை ஆட்டும் உதவியாளரின் கை, நாற்காலிக்குப் பின்னால் புடவைத் தலைப்பில் மறைந்துகொண்டு பிள்ளையைப் பிடித்திருக்கும் அம்மா. வீட்டுக்குப் போன பிரின்ட்டில் அந்த அம்மா இருந்திருக்க மாட்டார். இந்தப் படங்களுக்காகவே இவ்வளவு பாடும் தகும் என்று நான் நினைக்கிறேன்.

எடுத்து முடித்த கண்ணாடிகளை அமிலமற்ற தாளில் நான்கு பக்கமும் மடித்துச் சுற்றி, நீளப் பக்கம் கீழே வரும்படி நிற்க வைத்தோம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பவை பாரத்தில் விரிசல் விடும். ஏற்கெனவே உடைந்தவற்றை மட்டும் அட்டையில் படுக்க வைத்தோம். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும். பழைய கவர்களும் அதே எண்களோடு தனிப் பெட்டியில் இருக்கின்றன. கோப்புகள் மூன்று பிரதிகள். ஒன்று வெளியூரில் அத்தை வீட்டில்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாமே என்று கேட்கிறார்கள். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுத்த படங்கள் இருக்கின்றன. பெண் பார்ப்பதற்காக எடுத்த படங்களும் நிறைய. அந்த வீட்டாரைக் கேட்காமல் அவற்றை வெளியிடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். பெயர் தெரிந்த வீடுகளுக்கு ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிறோம். சரி என்றவர்களின் படங்களை ஒரு பட்டியலிலும், வேண்டாம் என்றவர்களின் படங்களை இன்னொரு பட்டியலிலும் சேர்த்துவருகிறோம். பெயர் தெரியாத முகங்களின் பட்டியல் சித்தப்பாவிடம் இருக்கிறது. வயதானவர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் அதை எடுத்துக் காட்டுகிறார்.