ரம் ஆலை மண்ணில் கிடைத்த மருந்து

மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்கிற ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? 1982-ல் விடுமுறைக்குக் கரீபியன் தீவு ஒன்றுக்குப் போன எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவர், பாழடைந்து கிடந்த பழைய ரம் ஆலையில் கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டு வந்தார். ஊர் சுற்றப் போன இடத்திலும் மண்ணைப் பார்க்கத் தோன்றிய அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த மண்ணில் அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியா இருந்தது. அதன் வித்துகள் முள் முள்ளாக இருந்ததால் 1990-ல் சாக்கரோபாலிஸ்போரா ஸ்பினோசா என்று பெயர் வைத்தார்கள். அதை நொதிக்க வைத்துப் பிரித்தெடுப்பதுதான் இந்த மருந்து. தின்ற புழுவுக்கு நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, உடல் நடுங்கி, முடங்கி, ஓரிரு நாளில் செத்துவிடும்.

ஆனால் ஒன்று. இயற்கையாகக் கிடைத்தது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள். தெளித்த ஈரம் காயும்வரை அது தேனீக்களையும் கொல்லும். சாயங்காலம், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு அடியுங்கள். அப்புறம், அதையே திரும்பத் திரும்ப அடிக்கவும் வேண்டாம். ஹவாய்த் தீவுகளில் முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி சில ஆண்டுகளிலேயே அதற்குப் பழகிவிட்டது.