டிபி கேஸ் வந்தா என்ன பண்ணணும்னு தெரியும், ஆனா பண்ணல

நடிக்கிற பேஷண்ட வச்சு டாக்டரோட திறமைய அளக்க முடியுமான்னு பேச்சு வந்தா நான் எப்பவும் சொல்றது 2014ல டெல்லில நடந்த டிபி ஆய்வுதான். ஜிஷ்ணு தாஸ், மதுகர் பை எல்லாம் இருந்த டீம், ட்ரெய்னிங் குடுத்த ஆளுங்கள சாதாரண பேஷண்ட் மாதிரியே பிரைவேட் கிளினிக்குகளுக்கு அனுப்புனாங்க, ஒருத்தர் ரெண்டு மூணு வாரமா இருமல் காய்ச்சல்னு போவாரு, இன்னொருத்தர் சளி டெஸ்ட் பாசிட்டிவ்னு ரிப்போர்ட்டே கையில வச்சிருப்பாரு. மொத்தம் 250 விசிட், சரியா பாத்தது 52 தான், 21 சதவீதம். அப்பறம் அங்க வைத்தியம் பாத்தவங்கள்ல பலர்கிட்ட அதே மாதிரி கேஸ வாயால சொல்லி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா பதில் நல்லாவே வந்திருக்கு! அதாவது தெரியாம இல்ல, தெரிஞ்சும் பண்ணல.

மருத்துவக் கல்வி பத்தி எழுதின ஜார்ஜ் மில்லர் 1990லயே டாக்டரோட திறமைய நாலு படியா பிரிச்சிட்டாரு: தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்டுவாரு, நிஜத்துல செய்வாரு. பேப்பர் கேஸ் ரெண்டாவது படி, காலேஜ்ல வைக்கிற ஆஸ்கி (OSCE, ஸ்டேஷன் ஸ்டேஷனா போய் ஒவ்வொரு கேஸா செஞ்சு காட்டுற பரீட்சை) மூணாவது, நமக்கு வேண்டியது நாலாவது.

ஆஸ்கி வேண்டாம்னு சொல்ல வரல. 1975ல ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்து டண்டில இருந்து இந்த முறைய பத்தி எழுதினப்ப பழைய முறைல எந்த பேஷண்ட் வர்றாரு எந்த எக்ஸாமினர் மாட்றாருன்றதுலயே பாதி ரிசல்ட் இருந்துச்சு, எல்லாருக்கும் ஒரே கேஸ்ன்றது பெரிய நியாயம். ஆனா நெஞ்சுவலி கேஸ பிரமாதமா பண்ற பையன் வயித்துவலில தடுமாறுவான், ஒரு கேஸ் மார்க்க வச்சு அடுத்தத சொல்ல முடியாதுன்னு 1978லயே எல்ஸ்டைன்ற ஆராய்ச்சியாளரோட குழு காட்டிட்டாங்க, அப்பறமும் நாலஞ்சு ஸ்டேஷன் வச்சு பாஸ் ஃபெயில் போடுறது எனக்கு சரியாவே படல.

ஆஸ்கில என்னென்ன கேட்டாங்க, செஞ்சாங்கன்னு ஒவ்வொண்ணா டிக் பண்ணி மார்க் போடுற செக்லிஸ்ட் இன்னொரு பிரச்சனை. டொரன்டோல பிரையன் ஹாட்ஜஸ் டீம் 1999ல பாத்தப்ப அனுபவசாலி டாக்டர்களுக்கு செக்லிஸ்ட்ல மார்க் கம்மியா வந்துச்சு, ஏன்னா அவங்க எல்லாத்தையும் வரிசையா கேக்க மாட்டாங்க, தேவையான ரெண்டு கேள்வில விஷயத்துக்கு வந்துருவாங்க. மொத்தமா பாத்து மார்க் போட்டப்ப அவங்கதான் மேல. அப்ப நாம பசங்களுக்கு எதுக்கு மார்க் குடுத்து பழக்குறோம்?

சொல்லாம கொள்ளாம ஆள் அனுப்புறது டாக்டர ஏமாத்துற வேலைன்னு சிலர் சொல்றாங்க. டெல்லி ஆய்வுல வைத்தியம் பாக்குறவங்ககிட்ட முன்னாடியே சம்மதம் வாங்கியிருந்தாங்க, எப்பவாவது இப்படி ஒரு ஆள் வருவாருன்னு தெரிஞ்சே உக்காந்திருந்தாங்க, அப்படியும் 21 சதவீதம்தான்.