கோத்தகிரி மழையில ஒரு மொசைக் மயில்

கொடநாடு வியூ பாயிண்ட் பாக்கலாம்னுதான் கெளம்பினேன், மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறி அரவேணு வர்றப்பவே பனிமூட்டம் மூடிருச்சு, அப்புறம் மழை, ரெண்டு நாளும் கோத்தகிரி ஹோம்ஸ்டே திண்ணையிலயேதான். ஆனா அங்க ஒரு மேஸ்திரி அண்ணன் வாசல் சுவத்துல உடைஞ்ச டைல்ஸ வச்சு மயில் பண்ணிட்டிருந்தாரு, கொடநாடு மறந்தே போச்சு.

நம்ம ஊர்ல மொசைக்னா வீட்டுத் தரைதானே, மார்பிள் சிப்ஸ சிமெண்ட்ல கலந்து கொட்டி மெஷின்ல தேய்ப்பாங்களே, அதுக்கு சரியான பேரு டெரஸோ. மொசைக்குங்கறது ஒவ்வொரு துண்டா கையால பதிக்கறது. அந்தத் துண்டு டெஸ்ஸரா, நாலுங்கற கிரேக்க வார்த்தையில இருந்து வந்தது, நாலு மூலை இருக்கறதால. உடைஞ்ச டைல்ஸ்ல பண்ணா ட்ரென்காடிஸ், பார்சிலோனா பார்க் குவெல்ல வளைஞ்சு வளைஞ்சு போற பெஞ்ச் அந்த வேலைதான். நம்ம மொட்டமாடியில வெயிலுக்காக ஒட்டற வெள்ளை பீங்கான் துண்டும் அதுக்கு சொந்தம்தான்னு எனக்கு தோணுது.

எனக்கு ரொம்பப் புடிச்ச வார்த்தை அண்டமென்டோ. இத்தாலியன்ல நடை, போக்குன்னு வச்சுக்கலாம், துண்டு வரிசை எந்தப் பக்கம் ஓடுதுங்கறது. அண்ணன் மயில் கழுத்துல ஒரு நீலத் துண்ட வச்சாரு, தள்ளி நின்னு பாத்தாரு, பிடுங்கிட்டாரு. ஏண்ணேன்னு கேட்டேன். "ஓட்டம் ஒடையுது தம்பி, கழுத்து வளையற எடத்துல துண்டும் சேந்து வளையணும்ல." எனக்கு சிலிர்த்துப்போச்சு, அதேதான்! இத்தாலியில பழைய ரோமானிய ஊரான பாம்பெயில 1831ல கெடச்ச அலெக்சாண்டர் மொசைக்ல 10 லட்சத்துக்கு மேல துண்டு, பொடிப்பொடியா, புழு ஊர்ற மாதிரி உருவத்த ஒட்டியே போகும், அதனாலதான் அந்த வேலைக்கு புழுவ வச்சே ஓபஸ் வெர்மிகுலாட்டும்னு பேரு.

இன்னொண்ணு, ஒருசில துண்ட லேசா சாய்ச்சு அழுத்தினாரு. அதே இத்தாலியில ராவென்னாங்கற ஊர்ல கி.பி. 547ல திறந்த சான் விட்டாலே சர்ச்லயும் தங்கத் தகட்ட கண்ணாடிக்கு நடுவுல வச்ச துண்டுங்கள சாய்ச்சுதான் பதிச்சிருக்காங்க, நாம நகர நகர வெளிச்சமும் நகரும். சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் மூட்டம் விலகிச்சு, அந்தக் கழுத்து அப்படியே மினுக்குச்சு, நான் திண்ணையில அங்கயும் இங்கயும் நடந்து நடந்து பாத்தேன்.

கண்ணு மட்டும் வெறும் சிமெண்டா இருந்துச்சு. கடைசியாத்தான் வைப்பேன்னாரு, செல செய்யறவங்க கண்ணு திறக்கற மாதிரி. போட்டோ அனுப்புங்கண்ணேன்னு நம்பர் குடுத்துட்டு பஸ் ஏறினேன். இன்னிக்கு காலைல வந்துச்சு, கறுப்பு கண்ணாடி வளையல் துண்டு வச்சிருக்காரு.